படம் இணைத்தால் நலம்

அச்சன்புதூர்,
14-6-1937

அன்புள்ள அண்ணனுக்கு,

வடிவு எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். வெள்ளைப் பசுதான் சுகமில்லை. கன்று போட்டு ஆறு நாளாகியும் பாலை இறக்க மாட்டேன் என்கிறது. அம்மா காலையும் மாலையும் அதனோடு சண்டை போடுகிறாள், அது பதில் பேசாமல் நிற்கிறது. உனக்கும் பாலம்மாள் மதினிக்கும் உடம்பு எப்படி? நீ கடிதம் எழுதி முப்பத்தாறு நாள் ஆகிறது. பாளையங்கோட்டைப் போலீஸ் ஸ்டேஷனில் மை தீர்ந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இப்பவும் ஒரு காரியமாக எழுதுகிறேன். போர்டு பள்ளிக்கூடத்து வாத்தியார் பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். அப்படியே நகல் எடுத்திருக்கிறேன்: "குற்றாலம் மீனாம்பிகை பெண் பாடசாலைக்கு ஹையர் எலிமெண்டரி டிரெயினிங் தேறிய ஆசிரியை ஒருவர் தேவை. சர்டிபிகேட் நகலுடன் மனுக்களைத் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மேனேஜர் வீட்டில் ஜூலை ஐந்தாம் தேதிக்குள் சேர்ப்பிக்கவும். மனுதாரர் தமது போட்டோ படம் ஒன்றை இணைத்தால் நலம்."

குற்றாலம் என்றால் நமக்கு வண்டி கட்டிப் போகிற தூரம்தான். பள்ளிக்கூடத்தின் பின்னாலேயே டீச்சர்கள் தங்க ஓர் அறை இருக்கிறதாம். டிரெயினிங் முடித்து வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகிறது அண்ணே. ஓர் இடத்தில் புருஷன் சம்மதக் கடிதம் கேட்டார்கள். இன்னோர் இடத்தில் நேரில் வரச் சொல்லி, வாசலில் வைத்தே என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலை நேற்றே நிரம்பிவிட்டது என்றார்கள். அதற்கு அடுத்த வாரமும் அதே விளம்பரம் வந்தது. ஆகையால் இந்தத் தடவை படத்தை வைத்தே மனுச் செய்வது என்று முடிவு செய்திருக்கிறேன். சாரல் காலத்துக்குக் குற்றாலத்தில் ஒரு படக்காரர் கடை போட்டிருக்கிறாராம். அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

எல்லாம் தயாரானதும் உனக்கு அனுப்புகிறேன். நீ மேனேஜர் வீட்டில் நேரில் கொடுத்துவிட வேண்டும். தபாலில் போனால் குவியலோடு குவியலாகக் கிடக்கும். உடனே பதில் போடு.

இப்படிக்கு,
உன் தங்கச்சி வடிவு

---

பாளையங்கோட்டை,
18-6-1937

அன்புள்ள தங்கச்சி வடிவுக்கு,

அண்ணன் இசக்கியப்பன் எழுதுவது. மை தீரவில்லை. சிவராத்திரிக்குத் தொடங்கிய பந்தோபஸ்து டூட்டி இன்னும் ஓயவில்லை, அவ்வளவுதான். உன் கடிதத்தை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். பசுவுக்கு வெந்தயமும் கருப்பட்டியும் அரைத்துக் கொடுக்கச் சொல்லுகிறாள். கூடவே, அத்தை அதனோடு சண்டை போடுவதை நிறுத்தினாலே பால் இறங்கிவிடும் என்றும் சொல்லுகிறாள். அதை அம்மாவிடம் நீ வாசிக்க வேண்டாம்.

மனுச் செய், கட்டாயம் செய். ஆனால் படம் வேண்டாம்.

கோபப்படாமல் மேலே படி. விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறது? இணைத்தால் நலம். இணைக்காவிட்டால் தள்ளுவோம் என்று எழுதவில்லையே. சட்டத்தில் இருக்கிற இடைவெளியை விடக்கூடாது என்று எங்கள் சப்-இன்ஸ்பெக்டரே சொல்லுவார். பாடம் சொல்லித் தருகிறவளுக்குப் படம் எதற்கு? உன் மார்க்கைப் பார்க்கட்டும், கையெழுத்தைப் பார்க்கட்டும். எங்கள் ஸ்டேஷனில் படம் பிடித்து ஒட்டி வைத்திருப்பது கேடிகளை மட்டும்தான். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. நேற்றுகூட அந்தப் புஸ்தகத்தைப் புரட்டினேன். படத்தில் பார்த்தால் யோக்கியனும் திருடன் மாதிரிதான் முழிக்கிறான்.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்லுகிறேன். காகிதத்தைப் பார்த்துக் கூப்பிட்டார்கள் என்றால் நீ போய் நாலு வார்த்தை பேசுவாய். பேச ஆரம்பித்தால் உன்னை வேண்டாம் என்று சொல்ல யாராலும் முடியாது. படத்தைப் பார்த்துவிட்டால் அந்த நாலு வார்த்தைக்கே இடமில்லாமல் போய்விடும். படம் வாய் திறக்காது வடிவு. அதுதான் எனக்குப் பயம்.

யோசித்துச் செய். அம்மாவின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
இசக்கியப்பன்

---

அச்சன்புதூர்,
28-6-1937

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது, தைலமும் வந்தது. பசு பால் இறக்கிவிட்டது. யார் வைத்தியத்தால் என்பதில் வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது.

நீ சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். நியாயம் இருக்கிறது. ஆனாலும் குற்றாலத்துக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். முதலில் அந்தக் கதையைக் கேள்.

படக்காரர் பெயர் கிதிர் முகம்மது. தென்காசிக்காரர். மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஓலைக்கொட்டகை போட்டிருக்கிறார். உள்ளே ஒரு திரையில் அருவி எழுதி வைத்திருக்கிறது. வெளியே நிஜ அருவி இரைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஜனங்கள் எழுதின அருவிக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள்! அம்மா உள்ளே வர மாட்டேன் என்றாள். நம் வீட்டில் இருக்கிற ஒரே படம் அப்பா இறந்த அன்று நாற்காலியில் உட்கார்த்திப் பிடித்ததுதானே, அந்த நினைப்பு அவளுக்கு. நான் திரை வேண்டாம், வெறும் துணி போதும் என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் போய் வாங்கிப் பார்த்தால் என் முகத்தில் தழும்பே இல்லை. ஒன்றுகூட இல்லை அண்ணே. கன்னம் இரண்டும் மொழுமொழுவென்று இருக்கிறது. கேட்டால், கண்ணாடித் தகட்டில் பென்சிலால் நிரவிக் கொடுப்பது எல்லாருக்கும் செய்கிற வழக்கம்தானாம், அதற்குத் தனிக் கூலிகூட இல்லையாம். "தழும்பைத் திருப்பி வையுங்கள்" என்றேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன தாயி சொல்லுத? பதினெட்டு வருசமா படம் பிடிக்கேன். எடுங்க எடுங்கன்னுதான் எல்லாரும் கேக்காவ. திருப்பி வைங்கன்னு கேட்ட மொத ஆளு நீதான்" என்றார். அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். "எட்டி, இது நல்லாத்தான இருக்கு. இது நீ இல்லையா?" என்றாள்.

நான்தான். ஒன்பது வயதில் அம்மை வார்க்காமல் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பேன். அந்தப் பெண்ணைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பொறாமைப்பட்டேன், மறைக்காமல் சொல்லுகிறேன். பிறகு மறுபடியும் கேட்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கர்ப்பூரத் தைலத்தால் தகட்டைத் துடைத்து, புதிதாக ஒரு படம் போட்டுக் கொடுத்தார். முற்றத்து மணலில் தூறல் விழுந்தது போல என் முகம் அப்படியே வந்திருக்கிறது.

இரண்டையும் இதோடு அனுப்பியிருக்கிறேன். தழும்பு உள்ள படத்தை மனுவோடு சேர்த்து நூல் போட்டுத் தைத்துவிடு. மற்றதை மதினிக்குக் கொடு, வேடிக்கை பார்க்கட்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பாய். சுரண்டைக்காரருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்த்தது தாலி கட்டின பிறகுதானே? மூன்று மாதம் அந்த வீட்டில் இருந்தேன். அவர் என்னை அடிக்கவில்லை, வையவில்லை. சாப்பிடும்போது இலையைப் பார்த்தே சாப்பிடுவார். ஒருநாள் வண்டி கட்டிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். எட்டு வருஷம் ஆகிவிட்டது. தரகன் என்ன பொய் சொல்லி முடித்தானோ என்று அன்றைக்கே நினைத்தேன். பார்க்காமல் சரி என்று சொல்லிவிட்டு, பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்லுவதை இன்னொரு தரம் என்னால் தாங்க முடியாது. வேண்டாம் என்பவர்கள் அங்கேயே, காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிடட்டும். சரி என்பவர்கள் என்னைத் தெரிந்துகொண்டு கூப்பிடட்டும். இதுதான் என் கணக்கு.

ஐந்தாம் தேதிக்குள் கொடுத்துவிடு. மறந்துவிடாதே.

உன் தங்கச்சி வடிவு

---

பாளையங்கோட்டை,
4-7-1937

அன்புள்ள வடிவுக்கு,

இன்று காலை வண்ணார்பேட்டைக்குப் போய் மேனேஜர் வீட்டுக் குமாஸ்தா கையில் உன் மனுவைக் கொடுத்துவிட்டேன். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று சொன்னார். முப்பதுக்கு மேல் மனு வந்திருக்கிறதாம். கவலைப்படாதே, உன்னைக் கூப்பிடுவார்கள். என் மனசுக்கு நிச்சயமாகப் படுகிறது.

மதினிக்குப் பல்வலி. டூட்டிக்கு நேரமாகிறது, சுருக்கமாக முடிக்கிறேன். குற்றாலத்துக்குப் போகும்போது அந்த மாம்பழக் கலர் சேலையைக் கட்டிக்கொண்டு போ.

உன் அண்ணன்,
இசக்கியப்பன்

---

அச்சன்புதூர்,
20-7-1937

மேலப்பாளையம் ரோடு, பாளையங்கோட்டை, கான்ஸ்டபிள் இசக்கியப்பன் அவர்களுக்கு,

வடிவம்மாள் எழுதிக்கொள்வது.

பன்னிரண்டாம் தேதி கார்டு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைப் பார்த்தும் கூப்பிடுகிறார்களே என்று அம்மாவிடம் பத்துத் தடவை சொன்னேன். என் பிடிவாதம் ஜெயித்துவிட்டது என்று உங்களுக்கு ஒரு கடிதம்கூட எழுதி வைத்திருந்தேன். நல்ல வேளை, தபாலில் போடவில்லை.

பதினேழாம் தேதி போனோம். ஐந்து பேர் வந்திருந்தார்கள். நான் கடைசி. மேஜைக்குப் பின்னால் மேனேஜரும், பக்கத்தில் பெரிய டீச்சரம்மா சண்முகசுந்தரியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கும்பிட்டுவிட்டு நின்றேன். மேனேஜர் என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், திரும்பவும் என்னைப் பார்த்தார். "வடிவம்மாளை வரச் சொல்லும்மா, நீ யாரு?" என்றார்.

நான்தான் வடிவம்மாள் என்றேன். அவர் மனுவைத் திருப்பி மேஜையில் வைத்தார். அதில் தைத்திருந்த படம் எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒருத்தி பரீட்சை எழுதி இன்னொருத்தி வேலைக்கு வருகிற மோசடி நடக்கிறதாம். அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். படக்காரரின் பென்சில் வேலையைச் சொன்னேன். ஆள் நான்தான் என்பதை ஒருவாறு ஒத்துக்கொண்டார். "அப்படீன்னா இந்தப் படத்தைத் தெரிஞ்சேதான் வெச்சு அனுப்புனியா?" என்றார்.

அண்ணன் மாற்றி வைத்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சர்க்கார் உடுப்புப் போடுகிறவர், ஒருத்தர் மனுவில் கை வைத்தார் என்று மேலே எழுதிப் போட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. "ஆமாம், நான்தான் அனுப்பினேன்" என்றேன்.

"முகத்தையே மாத்தி அனுப்புறவ நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுப்ப?" என்றார். பெரிய டீச்சரம்மா என் சர்டிபிகேட் நகலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தேன். மழையில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த அம்மா, "மூஞ்சியைப் பாத்துத்தான் வேண்டாம்னுட்டாவளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அதற்குமேல் அவளுக்கு எப்படி விளக்குவது?

முகத்துக்காகத் தள்ளப்படுவது எனக்குப் பழக்கம். பொய்க்காரி என்று தள்ளப்பட்டது இதுதான் முதல் தடவை.  அவர் சொன்னதும் சரிதான், அந்தப் படம் பொய்தான்.

நான் இரண்டு படத்தையும் உங்களை நம்பித்தானே அனுப்பினேன்? இனி என் காரியத்தில் நீங்கள் தலையிட வேண்டாம். அம்மா சுகம்.

வடிவம்மாள்

---

பாளையங்கோட்டை,
23-7-1937

வடிவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதத்தில் 'நீங்கள்' என்று படித்தபோது, வேறு யாருக்கோ வந்த கடிதமோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். நாலு வசவு வைது எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆமாம், நான்தான் மாற்றினேன். வண்ணார்பேட்டை ஆற்றங்கரையில் ஒரு மருதமரத்தடியில் உட்கார்ந்து உறையைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யாரோ ஒரு மேனேஜர் நீ தைக்கச் சொன்ன படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி ஓரமாகப் போடுவது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. பொறுக்கவில்லை. நீ நேரில் போய்விட்டால் பேசியே ஜெயித்துவிடுவாய் என்று நம்பினேன். படத்தையும் உன்னையும் ஒத்துப் பார்ப்பார்கள் என்பது ஒரு போலீஸ்காரன் மூளைக்கு எட்டவில்லை. தினம் தினம் அதைத்தானே செய்கிறோம்.

அதற்குமேல், எனக்காக நீ பழியை ஏற்றுக்கொண்டு வந்திருக்கிறாய். இதைப் படித்துவிட்டு உன் மதினி என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வடிவு, இதோடு நிறுத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் இன்னொன்று இருக்கிறது. தரகன் என்ன பொய் சொன்னானோ என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தரகன் பொய் சொல்லவில்லை. 'அம்மை வார்த்த பெண்' என்று அவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை தானாகவே சுரண்டைச் சந்தையில் என்னைத் தேடி வந்தார். ஒரு மாட்டுக்கடை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "மச்சான், உள்ளதைச் சொல்லுங்க. எனக்கு ஒளிமறைவு வேண்டாம்" என்று கேட்டார். எனக்கு இருபது வயசு. "கன்னத்துல ரெண்டு மூணு வடு, மஞ்சப் பூசுனா அதுவும் தெரியாது" என்று சொன்னேன். நல்ல இடம், கை நழுவிப் போய்விடக் கூடாது என்று நினைத்தேன்.

உள்ளதைச் சொல்லியிருந்தால் அவர் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம், சரி என்றும் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தெரியாது. அவரை எட்டு வருஷமாக நாம் எல்லாரும் வைதுகொண்டிருக்கிறோம். நானும் உங்களோடு சேர்ந்து வைதேன். அவர் என்னிடம் கேட்டார், நான் ஏமாற்றினேன் என்பதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. உன்னைப் படிக்க வைத்ததும் அதனால்தான். அண்ணன் தங்கமானவன் என்று நீ ஊரெல்லாம் சொல்லும்போது எழுந்து போய்விடுவேன், கவனித்திருக்கிறாயா?

இதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனாலும் எழுது.

இசக்கியப்பன்

---

பாளையங்கோட்டை,
12-8-1937

வடிவுக்கு,

இருபது நாளாகக் கடிதம் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிடுகிறார். அம்மா எப்படி இருக்கிறாள் என்றாவது ஒரு கார்டு போட்டிருக்கலாம். அதுவும் நான் கேட்கக்கூடிய நிலையில் இல்லை.

ஒரு காரியம் செய்திருக்கிறேன். தலையிட வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். இது உன் காரியம் இல்லை, என் காரியம் என்று நினைத்துக்கொண்டு போனேன். நேற்று லீவு போட்டுவிட்டு, உடுப்பு இல்லாமல் வேட்டி சட்டையோடு மேனேஜர் வீட்டுக்குப் போனேன். படத்தை மாற்றி வைத்தது நான், என் தங்கைக்குத் தெரியாது, என்னைக் காப்பாற்றப் பழியை அவள் எடுத்துக்கொண்டாள் என்று சொன்னேன். என் பெட்டியில் இருந்த, நீ தைக்கச் சொன்ன படத்தையும் முன்னால் வைத்தேன்.

மனிதர் துள்ளிக் குதித்தார். "போலீஸ்காரனா நீ? சூப்பிரண்டுக்கு எழுதிப் போடட்டுமா?" என்றார். எழுதுங்கள் என்று என் நம்பரையும் ஸ்டேஷன் பெயரையும் சொன்னேன். எழுதுவதற்குப் பேனாவைக்கூட எடுத்தார். பிறகு எழுதாமல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் சொன்னதை இங்கே எழுதுவதா வேண்டாமா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். இனிமேல் உனக்கு எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்திருப்பதால் எழுதுகிறேன். "பொய் சொல்லாமச் சொல்றேன். இந்தப் படம் வந்திருந்தா நான் கூப்பிட்டே இருக்க மாட்டேன்" என்றார்.

நீ சொன்ன கணக்கும் முழுக்கச் சரியில்லை, நான் செய்ததும் சரியில்லை. அவரே அப்படிச் சொல்லிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். பெரிய டீச்சரம்மாவோடு பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். என்ன பேசுவாரோ, எனக்குத் தெரியாது. சூப்பிரண்டிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை. வந்தால் வரட்டும்.

மதினி பேச ஆரம்பித்துவிட்டாள். உன்னைத் தான் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இசக்கியப்பன்

---

மீனாம்பிகை பெண் பாடசாலை,
குற்றாலம்,
14-9-1937

அன்புள்ள அண்ணனுக்கு,

மேலே விலாசத்தைப் பார்த்ததும் உனக்கு எல்லாம் புரிந்திருக்கும். ஆனாலும் நான் எழுதத்தான் போகிறேன், நீ பொறுமையாக வாசிக்கத்தான் வேண்டும்.

இங்கே வந்து பதினாறு நாள் ஆகிறது. என்னோடு வந்த ஐந்து பேரில் ஒருத்தியை முதலில் எடுத்தார்கள். அவள் டவுனில் வளர்ந்த பெண். துவைத்துப் போட்ட சேலை ஒரு வாரமானாலும் காயவில்லை என்று அழுதுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். நீ மேனேஜரிடம் போய்ப் பேசியதும் அதே வாரத்தில். பெரிய டீச்சரம்மா சண்முகசுந்தரி தானே வண்டி பிடித்து நம் வீட்டுக்கு வந்தார். அம்மா பதறிப் போய்ப் பசுவைக் கட்டின கயிற்றோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

அவர் சொன்னதைக் கேள். என் சர்டிபிகேட்டில் அங்க அடையாளம் என்று ஒரு வரி உண்டு அல்லவா? 'முகம் முழுவதும் அம்மை வடு' என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. மனுவோடு சேர்த்து வைத்த நகலிலும் இருக்கிறது. என் கையால் எழுதிய நகல்தான். படத்தைப் பார்த்த அவசரத்தில் மேனேஜர் அதைப் படிக்கவில்லை. நீயும் படிக்கவில்லை. "முகத்தை மறைக்க நெனைக்கிறவ அதே உறையில இதை எழுதி வெப்பாளா? அன்னைக்கே எனக்குச் சந்தேகம். ஆனாலும் வாயத் திறக்காம இருந்துட்டேன். அதுக்குத்தான் வந்தேன்" என்று சொன்னார். அவ்வளவு பெரியவர் நம் வீட்டு முற்றத்தில் நின்று அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போதைக்கு மார்ச்சு வரையில்தான் வேலை. ஒன்றாம் வகுப்பு, இருபத்துமூன்று பிள்ளைகள். முதல் நாள் ரஹ்மத் என்று ஒரு பொடிசு என் பக்கத்தில் வந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "டீச்சரம்மா, வலிச்சுதா?" என்று கேட்டது. அப்போ வலிச்சுது, இப்போ இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போய்ப் பலகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. பெரியவர்கள் இத்தனை வருஷமாகக் கேட்காத கேள்வி.

போன வாரம் இன்னொரு வேடிக்கை. அடுத்த வருஷத்துக்கு இன்னோர் ஆசிரியை வேண்டுமாம். விளம்பரத்தை நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடு என்று பெரிய டீச்சரம்மா பழைய நகலைக் கொடுத்தார். 'படம் ஒன்றை இணைத்தால் நலம்' என்கிற வரி அப்படியே இருக்கிறது. "இதை வெக்கட்டுமா, எடுக்கட்டுமா? நீயே சொல்லு" என்றார். பகல் முழுக்க யோசித்தேன் அண்ணே. வைத்தால், மேனேஜர் உன்னிடம் சொன்னாரே, அதுபோலப் பார்த்த உடனே தள்ளிவிடுவார்கள். எடுத்தால், என்னைப் போல ஒருத்தி ஆசையோடு வண்டி கட்டி வந்து வாசலில் நிற்பாள். கடைசியில், 'படம் வேண்டியதில்லை. தகுதியுள்ள மனுதாரர் அனைவரும் நேரில் அழைக்கப்படுவார்கள். ஒவ்வொருவரும் அரை மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். வந்து போகிற வண்டி வாடகையைப் பள்ளிக்கூடம் கொடுக்கும்' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் வண்டி வாடகையை மட்டும் அடித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டார். நீ முதலில் சொன்னதுதான் ஜெயித்தது என்று சந்தோஷப்பட்டுக்கொள். ஆனால் நீ சொன்ன காரணத்துக்காக இல்லை.

இனி மற்றதற்கு வருகிறேன். உன் ஜூலைக் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. சுரண்டைக்காரர் மேல் எட்டு வருஷமாக வைத்திருந்த கோபத்தை ஒரே நாளில் நீ பிடுங்கிவிட்டாய். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? பாதியை உன் மேல் வைத்தேன். மூன்று வாரம் அப்படியே இருந்தது. நீ எனக்கு நல்லதைத்தான் நினைத்தாய், அன்றைக்கும் சரி, மருதமரத்தடியிலும் சரி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு தடவையும் என்னைப் பார்க்க வந்தவர்களை வழியிலேயே நிறுத்தி, என் இடத்தில் நின்று நீயே பதில் சொல்லி அனுப்பிவிட்டாய். என்னை அவர்கள் பார்க்கவே இல்லை. என் முகத்தை நினைத்து அதிகம் வெட்கப்பட்டது நானா நீயா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். நினைத்ததற்காக அழுதேன்.

பிறகு நீ வேட்டி சட்டையோடு போய் நின்றதைப் படித்தேன். நம்பரைச் சொல்லி எழுதுங்கள் என்றாயே, அதையும், அவர் சொன்ன கசப்பான வார்த்தையை எனக்கு மறைக்காமல் எழுதினாயே, அதையும் படித்தபோது எனக்கு மறுபடியும் அண்ணன் கிடைத்துவிட்டான் என்று தோன்றியது. உடனே எழுதியிருக்க வேண்டும். ஆனால் வேலை கிடைத்தால்தான் மனசு இளகியது என்று நீ நினைத்துவிடுவாயோ என்று ஒரு ரோஷம். அதனால் முதலிலேயே அம்மாவிடம் சொல்லி வைத்தேன், கிடைக்காவிட்டாலும் ஐப்பசிக்கு அண்ணனைக் கூப்பிட வேண்டும் என்று. வேண்டுமானால் அவளைக் கேட்டுப் பார்.

ஆகவே ஐப்பசி விசுத் திருவிழாவுக்கு மதினியைக் கூட்டிக்கொண்டு வா. அம்மாவும் வந்துவிடுவாள். மேல்மழையில் அருவி நன்றாக விழும். என் அறை சின்னதுதான், நாலு பேர் முட்டிக்கொண்டு படுக்கலாம்.

இனிமேல் யாராவது உன்னிடம் வந்து என்னைப் பற்றிக் கேட்டால், நீ ஒன்றும் சொல்ல வேண்டாம் அண்ணே. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். என் விலாசத்தைக் கொடுத்து அனுப்பு. வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

உன் தங்கச்சி,
வடிவு